டிகிரி அக்கா வேகம் ஏத்தின வாரம்

பிஸ்கட் கம்பெனியில ரெண்டாம் நம்பர் ஓவனைப் பாத்துக்கிறவளுக்கு லைன்ல டிகிரின்னு பேரு. காலையில ஆறு மணி ஷிப்டுக்கு உள்ள நுழையும்போதே நின்னு மூக்கால ஒரு இழுப்பு இழுப்பா. "அஞ்சு டிகிரி கம்மியா ஓடுது"ம்பா. போய் மீட்டரைப் பாத்தா அஞ்சு டிகிரி கம்மியாத்தான் இருக்கும். எட்டாங்கிளாசோட பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இப்படி ஒரு பேரு. பேக்கிங் பொண்ணுங்க கிண்டலா ஆரம்பிச்சாங்க, இப்ப மேனேஜரே "டிகிரியைக் கூப்பிடுங்க"ங்கிற அளவுக்கு வந்துருச்சு. வயசு நாப்பத்தாறு. வலது முன்னங்கையில ரெண்டு சுட்ட தழும்பு. சாயங்காலமானா காலு கொஞ்சம் வீங்கும். மத்தபடி ஆளு கல்லு மாதிரி.

அவ எப்படிப்பட்டவன்னு தெரியணும்னா பெல்ட்டு விஷயத்தைச் சொல்லணும். மாவு ஒரு முனையில ஏறும், நாப்பது மீட்டர் தள்ளி இன்னொரு முனையில பிஸ்கட்டா எறங்கும். நடுவுல அதைச் சுமந்துக்கிட்டுப் போறது பெல்ட்டு. ரெண்டு வருஷம் முன்னாடி மேனேஜர் வந்து, பெல்ட்டு வேகத்தை ஒரே தடவையில மூணு படி ஏத்தச் சொன்னாரு. இவ ஒரு படி ஏத்தினா. இருபது நிமிஷம் நின்னா. ஒரு பிஸ்கட்டை எடுத்து ஒடிச்சு உள்பக்கத்தை நாக்குல வெச்சுப் பாத்தா. சரி. அடுத்த படி ஏத்தினா. வெளிய தங்கம் மாதிரி இருந்தது, உள்ள பச்சை மாவு. அந்த பிஸ்கட்ல ரெண்டை எடுத்துட்டுப் போய் மேனேஜர் மேசையில வெச்சு, சாப்பிடுங்க சார்னா. அவரு சாப்பிட்டாரு. வேகம் ஏத்துறது ஒரு படியோட நின்னுச்சு. மூணு படியும் ஏறியிருந்தா அந்தப் பக்கம் பேக்கிங்ல பன்னெண்டு ஜோடிக் கை என்ன பாடு பட்டிருக்கும்னு அவ வாயைத் திறக்கவே இல்ல. திறந்திருந்தா தோத்திருப்பா. பிஸ்கட்டை மட்டும் காட்டினா.

ரெண்டு மணிக்கு ஷிப்டு முடியும். வீட்டுக்கு வந்து காலைக் கழுவிட்டு, ஜன்னலோரம் இருக்கிற மேசையில லேப்டாப்பைத் திறப்பா. அதுக்குள்ள ஒரு கடல் இருந்தது.

லேப்டாப்பு மகளோடது. விளையாட்டுக்குன்னே செஞ்ச மாடல். கறுப்பு, நல்ல கனம், கீபோர்டுக்கு அடியில செவப்பு வெளிச்சம். மக அதுல பொம்மைப் படம் வரையப் படிச்சா, வேலை கெடைச்சு வேற ஊருக்குப் போயிட்டா. அங்க பெரிய மிஷின் குடுத்துட்டாங்க. போகும்போது, "அம்மா, இதை மூடி வெச்சிராத, எதையாவது விளையாடு"ன்னா. ஒரு நாள் மத்தியானம் சும்மா திறந்து, கையில பட்டதை அமுக்கினா. தண்ணி விரிஞ்சது. அன்னைக்கு உக்காந்தவதான்.

பாய்மரப் படகுப் போட்டி அது. சுடுறது, வெட்டுறது, ரத்தம் எதுவும் கெடையாது. காத்து எந்தப் பக்கம் திரும்புது, அலை எந்த அலை மேல ஏறுது, அடியில நீரோட்டம் எங்க இழுக்குதுன்னு எல்லாத்தையும் அந்த மிஷின் ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். ஒரு படகுக்கு நாலு பேர். நாலு பேரும் அவங்கவங்க வீட்டுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இவ படகுக்குக் கேப்டன், தெருத்தெருவாப் போய் தண்ணி மீட்டர் குறிக்கிற ஒரு தம்பி. மேப் பாக்குறது ஒரு நர்ஸ். பாயை இழுத்து விடுறவர் பேசவே மாட்டாரு, மூச்சு மட்டும் கேக்கும், அதனால அவருக்கு மூச்சுன்னே பேரு. யாரும் யாரையும் நேர்ல பாத்ததில்ல. சுக்கான் டிகிரி கையில. ரெண்டு வருஷமா அவதான் படகைத் திருப்புறா.

ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குப் போட்டி, மூணு மணி நேரம். அந்த மூணு மணி நேரமும் அவளுக்கு உடம்பு இருக்காது. காலு வீங்கினது தெரியாது. தண்ணி முதல்ல சாம்பல், அப்புறம் பச்சை, அப்புறம் வெயில் சாஞ்சதும் ஓவன் வாயில தெரியிற அதே ஆரஞ்சு. ஆனா சுடாத ஆரஞ்சு. காத்து என்ன குடுக்குதோ அதுதான் வேகம். கூடக் குடுன்னு அதட்ட யாரும் கெடையாது. சில நாள் வேலையில நிக்கும்போதே, பெல்ட்டு மேல வரிசையாப் போற மாவு வட்டமெல்லாம் சின்னச் சின்னத் தெப்பமாத் தெரியும். அவ கரையில நின்னு வழியனுப்புற மாதிரி இருக்கும்.

மூணு மாசமா லேப்டாப்பு மக்கர் பண்ணுச்சு. போட்டியில ரெண்டு மணி நேரம் தாண்டினதும் கடல் திக்கும். அலை பாதியில நிக்கும், திடீர்னு அடுத்த இடத்துல இருக்கும். படகு அதுக்குள்ள தப்பான பக்கம் திரும்பியிருக்கும். கேப்டன் கேட்டா, நீரோட்டம் இழுத்துருச்சு தம்பின்னுவா. பொய்தான். போன ஞாயித்துக்கிழமை கண்ணை ரெண்டு தடவை சிமிட்டுற நேரம் கடல் உறைஞ்சு நின்னுச்சு. உருகும்போது படகு ஒரு பாறை மேல உக்காந்திருந்தது. இவ மறுபடியும் நீரோட்டம்னா. கேப்டன் விடல. அந்த இடத்துல நீரோட்டமே கெடையாதுக்கா, நர்ஸ் மேப்லயும் அப்படித்தான் இருக்குன்னாரு. அப்புறம் அமைதியா, அடுத்த வாரமும் இப்படி ஆச்சுன்னா சுக்கானை நர்சுகிட்ட குடுத்துரலாம், நீங்க முன்பாயை இழுக்கிற முன்கயிறைப் பாத்துக்கங்கன்னு முடிச்சுட்டாரு.

முன்கயிறு மோசமான வேலை ஒண்ணும் இல்ல. ஆனா அங்க உக்காந்தா கடல் தெரியாது, கயிறுதான் தெரியும். டிகிரி அன்னைக்குச் சாப்பிடல.

திங்கக்கிழமை ஷிப்டு முடிஞ்சதும் லேப்டாப்பைத் துணிப்பையில போட்டு ரிப்பேர் கடைக்குப் போனா. கடைக்காரர் கவுத்துப் போட்டு மூடியைக் கழட்டினாரு. காத்தாடியில இருந்து தூசியை ஒரு பாளமா உரிச்சு எடுத்து, "தலையணை தைக்கலாம்க்கா"ன்னாரு. பிராசசர் மேல சூட்டைக் கடத்தப் பூசியிருந்த பேஸ்ட்டு காஞ்சு பொருக்குத் தட்டிப்போயிருந்தது. சுரண்டிட்டுப் புதுசு தடவினாரு. இது பத்தாது தம்பி, வேகம் ஏத்தணும், முடியுமான்னு இவ கேட்டா.

அவரு ஸ்குரூ டிரைவரைக் கீழ வெச்சுட்டு இவளை ஏற எறங்கப் பாத்தாரு. இந்தக் கேள்வியோட வர்றவங்களுக்குப் பெரும்பாலும் மீசை அரும்பியிருக்கும், பொறுமை இருக்காது. ஆனாலும் பதில் சொன்னாரு. லேப்டாப்புன்னா ஒல்லி உடம்பு, சூடு வெளிய போக வழி கம்மி. பல மாடல்ல வேகத்தை மாத்தவே முடியாதபடி செஞ்சவனே பூட்டு போட்டிருப்பான், உங்களோடதுல பூட்டு இல்ல, அது அதிர்ஷ்டம். முக்கியமானதையெல்லாம் முதல்ல வேற இடத்துல காப்பி எடுத்து வெச்சுருங்க. இப்ப இருக்கிற நம்பரையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக்கங்க, திரும்பி வர வழி வேணும். மெத்தையில வெச்சு ஓட்டாதீங்க. பின்பக்கத்தைத் தூக்கி வைங்க. சார்ஜர் மாட்டியே இருக்கட்டும். வேகத்தை ஒவ்வொரு படியா ஏத்துங்க, ஒவ்வொரு படியிலயும் சோதனை ஓட்டுங்க, சூட்டைப் பாத்துக்கிட்டே இருங்க. கடைசியா விரலை நீட்டி ஒண்ணு சொன்னாரு.

"வோல்டேஜை மட்டும் ஏத்தாதீங்கக்கா. எறக்கிப் பாருங்க. கொறைஞ்ச கரண்டுல அதே வேலையைச் செஞ்சா சூடு கொறையும். அந்த மிச்சத்துலதான் வேகத்தை ஏத்தணும்."

டிகிரிக்கு இதுல ஒரு வார்த்தை கூடப் புதுசா தெரியல. ஒரு படி ஏத்து. நில்லு. ஒடிச்சுப் பாரு. பெல்ட்டுதானே இது.

செவ்வாய், புதன், வியாழன். மத்தியான வெயில் திறந்த ஜன்னல் வழியா மேசை மேல சாஞ்சு கெடக்கும். திரை ஓரத்துல சூட்டு நம்பர் மாறிக்கிட்டே இருக்கும். காத்தாடிச் சத்தம் முதல்ல கொசு, அப்புறம் தூரத்துல மழை, அப்புறம் பக்கத்துலயே மழை. கம்பெனியில தூக்கிப் போட்ட ஓவன் ரெஜிஸ்டர் தாளோட பின்பக்கம் கட்டம் போட்டு எழுதினா. மணி, வேகம், சூடு, குறிப்பு. தூசியும் பழைய பேஸ்ட்டும் இருந்தப்ப சூடு தொண்ணூத்தி ஏழு வரைக்கும் போச்சு. சுத்தம் பண்ணதும் எண்பத்தி எட்டு. வோல்டேஜைச் சிட்டிகை சிட்டிகையா எறக்கினா, எண்பத்தி ஒண்ணுக்கு வந்தது. ஒவ்வொரு சிட்டிகைக்கும் இருபது நிமிஷம் சோதனை. அப்புறம்தான் வேகத்துல கை வெச்சா. நாலு புள்ளி ஒண்ணு கிகாஹெர்ட்ஸ்ல இருந்தது. நாலு புள்ளி ரெண்டு, எண்பத்தி நாலு டிகிரி. நாலு புள்ளி மூணு, எண்பத்தி ஏழு. தொண்ணூறைத் தாண்டக்கூடாதுன்னு அவளே ஒரு கோடு போட்டு வெச்சிருந்தா.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிஞ்சு வந்து டீயை ஆத்திக்கிட்டே தாளை எட்டிப் பாத்தாரு. ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றப்ப கூட இவ்வளவு ஒழுங்காக் காய்ச்சல் குறிக்க மாட்டாங்கன்னாரு. எனக்கு ஜுரம் வந்தப்ப நெத்தியைத் தொட்டுப் பாத்தியான்னு ஒரு குத்தல் வேற. நீங்க நாலு புள்ளி மூணுல ஓடினா பாக்குறேன்னா இவ. அவரு ஓடாத மனுஷன், சிரிச்சுட்டுப் போயிட்டாரு.

வியாழக்கிழமை நாலு புள்ளி நாலு வெச்சா. ஆறு நிமிஷம் தாங்குச்சு. ஏழாவது நிமிஷம் திரை முழுக்க நீலம். கடல் நீலம் இல்ல, செத்த நீலம். கொஞ்ச நேரத்துல மிஷின் தானா அணைஞ்சு தானா எழுந்துச்சு. எழுந்த பெறகுதான் இவ மூச்சு விட்டா. குறிப்புக் கட்டத்துல "உள்ள வேகல"ன்னு எழுதினா. விழுந்த படிக்கு ஒரு படி கீழ நின்னா இங்க பத்தாதுன்னு, ரெண்டு படி எறங்கி நாலு புள்ளி ரெண்டுல நின்னா. வெள்ளி, சனி ரெண்டு நாளும் கடலை ஓட்டிப் பாத்தா. சோதனைக்குன்னு வெச்ச இருபது நிமிஷத்துல ஒரு அலை கூடத் திக்கல. தண்ணி எண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டுப் போச்சு.

ஞாயித்துக்கிழமை அவ ஒரு தப்பு பண்ணா. இருபது வருஷம் ஓவன் பாத்தவ மட்டுந்தான் அந்தத் தப்பைப் பண்ணுவா.

சில்லுனு இருக்கிற ஓவன்ல மாவை ஏத்தக் கூடாது. ஷிப்டுல முதல் வேலை அதுதான்: வெறும் பெல்ட்டை ஓட விட்டு, அரை மணி நேரம் ஓவனைச் சூடேத்தி, சூடு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி உக்காந்த பெறகுதான் மாவு. ரெண்டாவது, ஓவன் பக்கத்துல காத்து வரக் கூடாது. கதவு கொஞ்சம் திறந்திருந்தா ஒரு வரிசை பிஸ்கட் வெளுத்துப் போகும். இது ரெண்டும் அவ எலும்புல ஊறினது. ரெண்டேகாலுக்கு உக்காந்தா. இன்னைக்கு எல்லாம் சரியா இருக்கணும்னு நெனைச்சா. எழுந்து ஜன்னலைச் சாத்தினா. மேல சுத்தின ஃபேனை நிறுத்தினா. சோதனையைப் போட்டு மிஷினை அரை மணி நேரம் நல்லாச் சூடேத்தினா. கையை வெச்சுப் பாத்தா, மேல் மூடி முழுக்க ஒரே சீராச் சுட்டுச்சு. திருப்தியா இருந்தது.

மூணு மணிக்குக் கொம்பு ஊதுச்சு. முப்பத்தியோரு படகு ஒண்ணாக் கெளம்புச்சு. முதல் முக்கா மணி நேரம் சொர்க்கம். காத்து பின்பக்கமா வந்தது. நர்ஸ் வழி சொல்லச் சொல்ல இவ திருப்பிக்கிட்டே போனா. மேகத்தோட நெழல் தண்ணி மேல மெதுவா ஊர்ந்து போச்சு, அதுக்குள்ள புகுந்து வெளிய வந்தா. ஏழாவது எடத்துல இருந்தாங்க. நெத்தியில இருந்து வேர்வை வழிஞ்சு கண்ணுல எறங்குச்சு. கடல் தண்ணி தெறிக்குதுன்னுதான் அரை மயக்கத்துல நெனைச்சா.

துடைச்சுட்டுப் பாத்தப்பதான் ஓரத்து நம்பர் கண்ணுல பட்டுச்சு. தொண்ணூத்தி மூணு.

சாத்தின ரூமு. நின்னுபோன காத்து. மிஷின் வெளிய தள்ளுற சூட்டை அதுவே திரும்ப இழுத்துக்கிட்டு இருந்தது. தொண்ணூத்தி நாலு. தொண்ணூத்தி அஞ்சு. ஒரு அலை நடுவுல சின்னதா ஒரு வெட்டு. மிஷின் பயந்துபோய் வேகத்தைத் தானாக் கொறைச்சுக்குது, சூடு எறங்கினதும் ஏத்துது, மறுபடியும் கொறைக்குது. அந்த ஏத்த எறக்கத்துலதான் கடல் திக்குது. டிகிரிக்கு அப்பதான் உறைச்சுது. ஓவன்ல சூடுதான் சரக்கு. அதைப் பொத்திப் பொத்திக் காப்பாத்தணும். இங்க சூடு குப்பை. குப்பையை வீட்டுக்குள்ள கொட்டிக் கதவைச் சாத்தி வெச்சிருக்கா.

இன்னும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கு. அரை மைல்ல படகுங்க நெருக்கியடிச்சுக்கிட்டுத் திரும்புற முனை. வேகத்தை எறக்கணும்னா ஆட்டத்தை விட்டு வெளிய வந்து, வேற திரைக்குப் போய், நம்பரை மாத்தணும். அதுவரைக்கும் சுக்கான் அனாதை. சுக்கானை யார்கிட்டயாவது குடுக்கணும். குடுக்கிறதுக்கு ஒரு பொத்தான் இருக்கு. அதை அவ ரெண்டு வருஷத்துல தொட்டதே இல்ல.

நீரோட்டம்னு சொல்லலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. வேலையில பெல்ட்டு எங்க சிக்கினாலும் முதல்ல கத்துறவ அவதான். கத்தாம மறைச்சா அடுத்தவ கை போகும்னு தெரிஞ்சவ. இங்க மட்டும் மூணு மாசமா வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா. மறுபடியும் ஒரு வெட்டு. முனை பெருசாயிட்டே வந்தது.

"தம்பி, என் மிஷின் சூடாயிருச்சு. கடல் எனக்குத் திக்குது. என்னால இப்ப பிடிக்க முடியாது. தங்கச்சி, சுக்கானை வாங்கிக்க."

நர்ஸ் உடனே, குடுங்கக்கான்னா. டிகிரி பொத்தானை அமுக்கினா. படகு அவ கையை விட்டுப் போச்சு.

எழுந்து ஜன்னலைப் பட்டுனு திறந்தா. ஃபேனைச் சுத்த விட்டா. வீட்டுக்காரர் அடுத்த ரூம்ல இருந்து என்னன்னு கேட்டாரு, இவ அதுக்குள்ள மேசைக்கு வந்துட்டா. வேகம் மாத்துற திரைக்குப் போய், நாலு புள்ளி ரெண்டை நாலு புள்ளி ஒண்ணாக்கினா. ஒரு வாரமா ஏத்தின ஒரு படி. ஒரு விரல் அசைஞ்சதுல போயிருச்சு. எறக்கின வோல்டேஜை மட்டும் அப்படியே விட்டா, அது செலவு இல்லாத லாபம். அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு நம்பரைப் பாத்துக்கிட்டு நின்னா. தொண்ணூத்தி ரெண்டு. எண்பத்தி ஒம்பது. காதுல நர்சோட கொரல் வழி சொல்றதும் திருப்புறதுமா ரெண்டு வேலையும் பாத்துத் திணறுது. கேப்டன் மெதுவா, மெதுவாங்குறாரு. எண்பத்தஞ்சு. ஜன்னல் வழியா வந்த காத்து வேர்த்த கழுத்துல பட்டப்ப, அது எந்தக் கடல்ல இருந்து வருதுன்னு அவளுக்கு ஒரு கணம் பிரிச்சுச் சொல்ல முடியல. எண்பத்தி ரெண்டு.

பதினோரு நிமிஷம். ஆட்டத்துக்குள்ள திரும்பி வந்தப்ப முனை பின்னால போயிருச்சு, பத்தொம்பதாவது எடத்துல இருந்தாங்க. தண்ணி வழுக்கிக்கிட்டுப் போச்சு. குடு தங்கச்சின்னா. நர்ஸ் சட்டுனு குடுத்துட்டா. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரமும் ஒரு வெட்டு இல்ல. வெளிய பொழுது சாஞ்சது, உள்ளயும் சாஞ்சது. ரெண்டும் ஒரே நெறம். பதினாலாவதா வந்து சேந்தாங்க.

போட்டி முடிஞ்சா படகுங்க துறைமுகத்துல கொஞ்ச நேரம் நிக்கும். கேப்டன் கேட்டாரு.

"போன வாரம் பாறையில ஏறினதும் இதுதானாக்கா?"

"மூணு மாசமா இதுதான் தம்பி."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சுக்கானைப் பிடுங்கிருவீங்கன்னு."

"பாறையில ஏத்தினதுக்கு நான் ஏன் பிடுங்கப்போறேன்? யாரு ஏத்தாதவன்? நம்ப முடியாத ஆளு கையில சுக்கான் இருக்கேன்னுதான் பயந்தேன். இன்னைக்குக் கத்தினீங்க இல்ல. அது போதும். நீங்களே பிடிங்க."

நர்ஸ் நடுவுல புகுந்து, எனக்கு அந்தச் சனியன் வேணவே வேணாம், பதினோரு நிமிஷத்துல தோள்பட்டை ரெண்டும் கழண்டுருச்சு, இதுக்கு வார்டுல நாப்பது பேருக்கு ஊசி போட்டுருவேன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. ஒவ்வொருத்தராக் கெளம்பிப் போனாங்க. அவங்க பேருங்க திரையில ஒண்ணொண்ணா அணைஞ்சது.

டிகிரி மூடல. சுக்கான்ல இருந்து கையை எடுத்துட்டா. படகு தன் பாட்டுக்குக் கொஞ்சம் அசைஞ்சுக்கிட்டு நின்னுச்சு. வீட்டுக்காரர் வந்து கட்டில் ஓரத்துல உக்காந்து, ஜெயிச்சியான்னாரு. பதினாலுன்னா. எத்தனையிலன்னு கேட்டாரு. முப்பத்தொண்ணுலன்னா. பாதிக்கு மேலதானேன்னு அவரு ஒரு கணக்குப் போட்டு அவளைப் பாஸாக்கினாரு. இவ ஹெட்போனைக் கழட்டி அவரு காதுல மாட்டினா. அவரு தலையைச் சாச்சுக் கேட்டாரு. மரத்துல தண்ணி தட்டுற சத்தம். ரொம்ப நேரம் அசையாம இருந்தாரு.

"எங்க போகுது இது?"ன்னாரு.

"எங்கயும் போகல. சும்மா நிக்குது."